பல் டொக்டரிடம் நான் சொன்ன பொய்

"பிள்ளை பெரியபிள்ளை ஆயிட்டாவோ?"

டொக்டர் இதைக் கேட்டபோது என் மகள் ஆரணி வாயை ஆவென்று திறந்தபடி நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது. வாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடி, தலைக்கு மேலே விளக்கு. நான் கால்மாட்டில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"இல்லை டொக்டர். இன்னும் இல்லை."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவ்வளவு சுத்தமான பொய். அந்த நேரம் பார்த்துக் கடற்கரை ரயில் ஒன்று போனது. கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், ரயில் போனால் கட்டடம் லேசாக நடுங்கும். தட்டிலிருந்த சாமான்கள் கிணுகிணுவென்றன. ஆரணி கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தாள். வாய்க்குள் கண்ணாடி இருந்ததால் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

உண்மை என்னவென்றால், அவள் பெரியபிள்ளையாகி, அதாவது வயதுக்கு வந்து, அன்றைக்குச் சரியாக மூன்று கிழமை. மார்கழி மழைக்குள், வீட்டுக் குளியலறையில் முதல் தண்ணீரை வார்த்ததே நான்தான்.

இந்தக் கதையை எழுதலாமா என்று ஆரணியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இப்போது அவளுக்குப் பதினாறு வயது. கேட்காமல் எழுதினால் வீட்டில் எனக்குச் சோறு இறங்காது. "எழுதுங்கோ அம்மா. ஆனா நீங்க பொய் சொன்னதையும் எழுதோணும். அதை மட்டும் வெட்டிப்போட்டு எழுதக்கூடாது" என்றாள். ஆகவே அதிலிருந்தே தொடங்கிவிட்டேன்.

மிதந்த பல்

ஆரணியின் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. எங்கள் ஆட்கள் இதைப் "பல் மிதந்திருக்கு" என்பார்கள். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுனி தாராளமாக அடங்கும். உதடுகள் தானாகச் சேராது. வில்லங்கத்துக்கு இழுத்துச் சேர்த்து வைத்தால் நாடியில் சுருக்கு விழும்.

வகுப்பில் அவளுக்கு "முயல்" என்று பெயர். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. பிறந்தநாள் வாழ்த்து மட்டை ஒன்றில் சிநேகிதி ஒருத்தி கரட் கிழங்கு வரைந்திருந்ததைக் கண்டு நானாகத்தான் பிடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடக் குழுப் படத்தில் அவள் கடைசி வரிசையில் நின்று, கீழுதட்டை மேல்பல்லால் கடித்துக்கொண்டு, யாரோ கிள்ளியதுபோல முகத்தை வைத்திருந்தாள்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் குடும்ப வைத்தியம் ஒன்று இருந்தது. என் சின்னம்மா சொன்னது. குளித்துவிட்டு வந்ததும் பெருவிரலால் பல்லை உள்ளே தள்ள வேண்டும், பத்துத் தரம், ஒரு நாளும் தவறாமல். ஒரு வருடம் தள்ளினோம். பல் அசையவில்லை, பெருவிரல்தான் நொந்தது.

பிறகு ஒருநாள் நெட்போல் விளையாடும்போது பந்து நேராக முகத்தில் பட்டு, ஒரு முன்பல்லின் நுனி சில்லாகத் தெறித்தது. முன்னுக்கு நிற்கும் பல்தானே முதலடி வாங்கும். அந்தச் சில்லை டிசுவில் சுற்றிக்கொண்டுதான் நாங்கள் டொக்டரிடம் போனோம்.

அணிலிடம் கேட்டால்

பல்லைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். பால்பல் விழுந்தால் அதைக் கூரையில் எறிந்து, அணிலைக் கூப்பிட்டு, இந்தப் பல்லை எடுத்துக்கொண்டு உன் பல்லைத் தா என்று கேட்பது எங்கள் பக்க வழக்கம். நாங்கள் இருப்பதோ நாலாம் மாடி. எங்களுக்கென்று ஒரு கூரை கிடையாது.

ஆரணியின் முதல் பல் விழுந்தபோது என் கணவர் பல்கனியில் நின்று, பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்குக் குறி வைத்து எறிந்தார். அவருடைய குறி எப்போதும் அப்படித்தான். பல் இரண்டாம் மாடி ஏசி மெஷினில் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுச் சிங்கள அன்ரி பல்லை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு படியேறி வந்து, "மேக்க ஒயாலகேத?" என்று கேட்டார். ஓம், எங்களுடையதுதான் என்று வாங்கி வைத்துக்கொண்டோம். அவர்களிடமும் இதே வழக்கம் இருக்கிறது. அதனால் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை, அவரே சிரித்துக்கொண்டு போனார்.

புதுப்பற்கள் மிதந்துகொண்டு வந்தபோது என் கணவர் சொன்னார்: "அணிலிட்டப் பல்லுக் கேட்டால் அணில் பல்லுத்தானே வரும்?" ஆரணி இரண்டு நாள் அவருடன் கதைக்கவில்லை.

பல்லில் பிழையில்லை

டொக்டர் தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். காலையில் அரசாங்க ஆஸ்பத்திரி, மாலையில் எங்கள் ஒழுங்கை முனையில் இந்தச் சின்ன அறை. ஐம்பது வயதிருக்கும் மனுசி. சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதில்லை. அறைக்கும் காத்திருக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் வாழ்த்துச் சொல்வார்கள்.

நான் போகும்போதே பழியைத் தலையில் சுமந்துகொண்டுதான் போனேன். "சின்னனில ரப்பர் சூப்பி குடுத்தனான் டொக்டர். அதாலயோ?"

"எத்தினை வயசு மட்டும்?"

"ஒண்டரை வயசு."

"அப்ப சூப்பியில பழி போடாதேங்கோ. கனகாலம் விரல் சூப்பினா, சூப்பி பாவிச்சா பல்லுத் தள்ளும்தான். இது அப்பிடியில்லை. இதில பல்லில பெரிய பிழையே இல்லை. மேல்தாடை தன்ர இடத்திலதான் நிக்குது. கீழ்த்தாடைதான் பின்னுக்கு நிண்டிட்டுது. கீழுதடும் போய் மேல்பல்லுக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டு இன்னும் வெளிய தள்ளுது. அப்பாவின்ர படம் இருக்கோ?"

கைபேசியில் காட்டினேன். தாடியோடு இருந்தார். தாடியில்லாத படம் கேட்டார். கல்யாணப் படத்தைத் தேடி எடுத்தேன், அதிலும் தாடி. கடைசியில் அவருடைய பழைய அடையாள அட்டைப் படத்தைக் காட்டியபோது டொக்டர் தலையை ஆட்டினார். என் கணவர் ஏன் தாடி வைத்திருக்கிறார் என்பது கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்து, ஒரு பல் வைத்தியரின் அறையில்தான் எனக்கு விளங்கியது. அவருக்கும் நாடி உள்ளேதான்.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. நான் பொய் சொன்னேன். சொன்ன பிறகு டொக்டர் ஏன் கேட்டார் என்பதை விளக்கினார்.

பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாவதற்குக் கொஞ்சம் முந்தித்தான் உயரம் விறுவிறென்று கூடும். தாடையும் அந்த வேகத்தில்தான் வளரும். அந்த நேரம் மேலும் கீழுமாக இரண்டு பிளேட் போட்டு, கீழ்த்தாடையை முன்னுக்கு வைத்துக் கடிக்கப் பழக்கினால், வளர்ச்சி கைகொடுக்கும். வளர்ச்சி ஓய்ந்த பிறகு போட்டால் தாடையில் பெரிதாகப் பலன் இராது.

"இன்னும் ஆகேல்லையெண்டால் அவசரமில்லை" என்றார். "பால்பல்லும் இரண்டு மிச்சமிருக்கு. முந்திப் போட்டால் பிள்ளைக்கு அலுத்துப்போகும், நேரம் வரேக்க போடமாட்டன் எண்டுவா. சித்திரை வருசம் கழிய வாங்கோ, உயரத்தைப் பாப்பம்." தெறித்த பல்நுனியை அடைத்துவிட்டு, சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்து அட்டையில் குறித்தார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். இத்தனைக்கும் நான் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கட்டிளமைப் பருவமும் உடல் வளர்ச்சியும் என்று கரும்பலகையில் தலைப்பெழுதி, கோடு கீறி, பரீட்சைக்கு வரும் என்று சொல்லிக் கொடுத்தவள். படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

மூச்சு விடாதேயும்

ஏன் சொல்லவில்லை? வெளியூர் ஆட்களுக்கு இது விளங்குமோ தெரியாது. வெள்ளவத்தைக்காரருக்கு விளங்கும்.

என் கணவரின் அக்கா ரொறன்ரோவில் இருக்கிறார். நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். ஆரணிக்கு மாமி. சாமத்திய வீட்டில், அதாவது பெரியபிள்ளையான சடங்கில், தண்ணீர் வார்க்க வேண்டியது மாமி. அவருக்கு ஆவணியில்தான் லீவு. மார்கழியில் செய்தியைச் சொன்னதும் அவர் சந்தோஷத்தில் அழுதுவிட்டு, "நான் வரும்வரைக்கும் ஊருக்கு மூச்சு விடாதேயும்" என்றார்.

இது எங்கள் வீட்டுக் கூத்து மட்டுமல்ல. மண்டபம் கிடைக்கும் நாளிலும் விமான டிக்கெட் மலிவான மாதத்திலும் பெரியபிள்ளையாகும் பிள்ளைகள் இங்கே கனபேர். முந்திச் சொன்னால், "எட்டு மாசமாகியும் ஒண்டும் செய்யேல்லையோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்போம்.

அன்றைக்குத் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஒரு பூசையும் தவறவிடாததால் நாங்கள் கோயில் அக்கா என்று சொல்லும் மனுசி தன் பேரனோடு வந்து இருந்தார். அவருடைய வளையல் சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. வெள்ளிக்கிழமை பூசைக்கு ஒரு செய்தி போய், பக்கத்துப் பாமன்கடை முழுக்கப் பரவ அவர் ஒருத்தர் போதும் என்று என் கணக்கு. வளையல் சத்தம் கேட்கவே நாக்குத் தானாகப் புரண்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஆரணி கேட்டாள்: "ஏனம்மா இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"டொக்டருக்கு அதெல்லாம் தேவையில்லை."

"அவ தேவையெண்டுதானே விளங்கப்படுத்தினவ."

"றோட்டில நிண்டு கதைக்காமல் பேசாமல் வா."

பேசாமல் வந்தாள். அடுத்த கிழமைகளில் அவளுடைய அறைக் கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சில் கோடுகள் தோன்றத் தொடங்கின. ஒன்றன் மேல் ஒன்றாக, நெருக்கமாக, பக்கத்தில் சின்ன எழுத்தில் தேதி. வாடகை வீட்டுச் சுவரைப் பழுதாக்குகிறாய் என்று ஏசினேன். கோடுகள் ஏன் அவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று நான் பார்க்கவில்லை.

பலகைத் தடுப்பு

சித்திரை வருடம் கழிந்து போனோம். டொக்டர் மறுபடியும் சுவரோடு நிறுத்தி அளந்தார். அட்டையைப் பார்த்தார்.

"பெரிசாக் கூடேல்லையே. அப்ப வேகம் இன்னும் தொடங்கேல்லைப் போல. ஆவணிக்குப் பிறகு ஒருக்கா பாப்பமே?"

எனக்கு ஆவணி என்ற சொல் தேனாக இனித்தது. அதற்குள் மச்சாள் வந்து விழாவும் முடிந்துவிடும். "ஓம் டொக்டர்" என்று கைப்பையை எடுத்துவிட்டேன்.

ஆரணி சுவரை விட்டு அசையவில்லை.

"டொக்டர், எனக்கு மார்கழியிலயே ஆயிட்டுது" என்றாள். "அம்மா பொய் சொன்னவ. நான் வீட்டில ஒவ்வொரு கிழமையும் அளந்தனான், கூடுதே இல்லை. எனக்கு வளர்த்தி முடியப்போகுது. பிளேட்டை இண்டைக்கே போடுங்கோ."

சொல்லி முடிக்கும் முன்னே அழத் தொடங்கிவிட்டாள். சின்னக் குரலில் சொல்லவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றது. யாரோ பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கை கழுவும் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் என் பக்கம் திரும்பவில்லை. உருளைக் கதிரையை இழுத்துப் போட்டு, ஆரணியின் முகத்துக்கு நேராக இருந்தார்.

"சொறி மகள்" என்றார். "இதை நான் உங்களிட்டயெல்லோ கேட்டிருக்க வேணும். வாயும் உங்கட, வளர்த்தியும் உங்கட. உங்கட வாய்க்குள்ள கண்ணாடியை வைச்சுக்கொண்டு அம்மாவிட்டக் கேட்டது என்ர பிழை."

ஐம்பது வயதில், அத்தனை படிப்புப் படித்த ஒரு மனுசி, பதினொரு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. நானும் இருபது வருடம் வகுப்பறையில் நின்றவள், ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. எக்ஸ்ரேக்கு ஒரு துண்டு எழுதி என் கையில் தந்து, "நாளைக்கே கொண்டு வாங்கோ" என்றார். அவ்வளவுதான்.

வெளியே வந்தால் கோயில் அக்கா. எழுந்து வந்து ஆரணியின் தலையைத் தடவினார். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மனுசி ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லை. ஆவணியில் நான் அழைப்பிதழோடு போனபோது, "அப்பிடியோ! எப்ப?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். நான் எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ அது நடக்கவே இல்லை.

கால் விரலை ஆட்டு

எக்ஸ்ரே பக்கவாட்டில் எடுத்தது. பல்லைப் பார்க்கத்தான் என்று நினைத்தேன். டொக்டர் கழுத்தெலும்பைக் காட்டினார். அந்த எலும்புகளின் வடிவத்தை வைத்து வளர்ச்சி எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று சொல்லலாமாம். "உச்சம் கடந்திட்டுது. ஆனா முடியேல்லை. மிச்சம் இருக்கிறதை வைச்சு வேலை செய்வம். இனி ஒரு நாளும் வீணாக்கேலாது."

அன்றைக்கே அச்சு எடுத்தார்கள். டொக்டரின் உதவியாளர் செல்வி, மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பெண். கொட்டாஞ்சேனையில் இருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். இளஞ்சிவப்புக் களியைக் குழைத்துத் தட்டில் நிரப்பி மேல்வாயில் வைத்து அமத்த வேண்டும், இறுகும்வரை அசையக்கூடாது. ஆரணிக்கு முதல் தரம் ஓங்காளித்துவிட்டது. இரண்டாம் தரமும் அப்படித்தான். கண்ணெல்லாம் தண்ணீர்.

செல்வி அவசரப்படவே இல்லை. "ஒண்ணுமில்ல கண்ணு. மூக்கால மூச்சு விடு. இப்ப எனக்காக ஒண்ணு பண்ணு, கால் விரலை மட்டும் ஆட்டு. வலது கால் பெருவிரல். ஆங். இப்ப இடது கால். ரெண்டும் சேர்ந்து ஆடட்டும் பாப்போம்."

ஆரணி கால் விரல்களை ஆட்டுவதில் மும்முரமாகிவிட்டாள். களி இறுகியது அவளுக்கே தெரியவில்லை. செல்வி தட்டைக் கழற்றி, அதில் பதிந்திருந்த பற்களை அவளிடம் காட்டி, "எவ்வளவு அழகா இருக்கு பாத்தியா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மெய்யாகவே சொன்னார். அந்தப் பற்களை அழகு என்று சொன்ன முதல் ஆள் செல்விதான்.

இப்படியான ஆட்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

ஊதா நிறப் பிளேட்

பிளேட் வந்தது. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. நிறத்தை அவளையே தெரிவு செய்யச் சொன்னார்கள், ஊதா கேட்டாள். இரண்டிலும் சரிவான மேடுகள் இருந்தன. வாயை மூடினால் அந்த மேடுகள் ஒன்றோடொன்று கொழுவி, கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்து நிறுத்தின. சாப்பிடும்போதும் நித்திரையிலும் போட வேண்டும். கழுவ மட்டும் கழற்றலாம்.

முதல் கிழமை படுபாடு. வாயெல்லாம் எச்சில். காதடியில் நோவு. "அம்மா" என்றால் வேறென்னவோ கேட்டது. இடியப்பத்தைச் சொதியில் ஊறவைத்து, கரைத்து விழுங்கினாள். பிளேட்டைக் கழற்றட்டுமா என்று ஒருநாளாவது கேட்பாள், நானும் பாவம் பார்த்து ஓம் என்பேன் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

பேச்சைத் திருத்துவதற்கு டொக்டர் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பாடப்புத்தகம் அலுத்துப்போக, ஆரணி வேறு வழி கண்டுபிடித்தாள். பல்கனியில் நின்று காலி வீதி பஸ் கண்டக்டர்களைப் போலக் கூவினாள். "பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொட்டுவ, பிட்டகொட்டுவ!" முதல் நாட்களில் எச்சில்தான் பறந்தது. மூன்றாம் கிழமை கூவியபோது, இரண்டாம் மாடி அன்ரி வெளியே வந்து கையைத் தட்டி, "நங்கி, நுகேகொட பஸ் நத்த?" என்று கேட்டார். நுகேகொடை பஸ் இல்லையா என்று! ஆரணி சிரித்தாள். ஊதாப் பிளேட் முழுவதும் தெரியச் சிரித்தாள். வாயைக் கையால் பொத்தாமல் அவள் சிரித்ததை நான் கண்டு எவ்வளவு காலம் என்று யோசித்தேன். எனக்கு ஞாபகம் வரவில்லை.

வகுப்பில் முயல் என்ற பெயர் போய் ரோபோ என்று புதுப்பெயர் வந்தது. "அது பரவாயில்லை அம்மா. முயல் பிறந்ததில இருந்து முயல். ரோபோ கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள். இந்தப் பிள்ளை எங்கிருந்து இதைக் கற்றது? நிச்சயமாக என்னிடமிருந்தில்லை.

மச்சாள் கேட்ட கேள்வி

ஆவணியில் மச்சாள் வந்தார். விமான நிலையத்தில் ஆரணியைக் கட்டிப் பிடித்து, வாயைப் பார்த்துவிட்டு என்னவென்று விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இனி மறைக்க என்ன இருக்கிறது?

மச்சாள் தலையில் கை வைத்தார். "உமக்கென்ன விசரே? நான் ஊருக்குச் சொல்லவேண்டாம் எண்டெல்லோ சொன்னனான். டொக்டரிட்டச் சொல்லவேண்டாம் எண்டனானே? நான் மண்டபத்துக்காகப் பிள்ளையின்ர வாயைப் பழுதாக்கச் சொல்லுவனே?"

அவர் ஒரு சொல் சொன்னார், நான் அதைச் சட்டமாக்கிவிட்டேன்.

விழா நன்றாக நடந்தது. அலங்காரம் செய்ய வந்த பெண்ணும் வீடியோக்காரரும் பிளேட்டைக் கழற்றினால்தான் முகம் எடுக்கும் என்று நின்றார்கள். ஆரணி டொக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தாள். படமெடுக்க ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை. மேடையில் இருந்த அவள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆலாத்தி எடுத்து முடிந்ததும், இன்னும் வரிசையில் நின்றவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்ப் பிளேட்டைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் இருந்தாள். மிச்சப் படமெல்லாம் ரோபோவாகத்தான் இருக்கிறாள். ஆல்பத்தில் எனக்குப் பிடித்தவை அவைதான்.

அதற்குப் பிறகு டொக்டரின் அறையிலும் ஒரு மாற்றம் வந்திருந்தது. புதிதாக யாராவது பெண்பிள்ளையைக் கொண்டுவந்தால் செல்வி வந்து, "அம்மா, நீங்க ரெண்டு நிமிஷம் இங்கேயே இருங்க. டொக்டர் பாப்பாகிட்ட நேராக் கேக்கணுமாம்" என்பார். அந்தத் தாய்மார் முகம் சுளிப்பதை நான் பத்திரிகையால் மறைத்துக்கொண்டு பார்ப்பேன்.

இரண்டு மில்லிமீற்றர்

ஒன்றரை வருடம் போனது. ஒரு மாலை டொக்டர் சாந்து அச்சுகள் இரண்டை மேசையில் வைத்தார். ஒன்று தொடக்கத்தில் எடுத்தது, மற்றது அன்றைக்கு எடுத்தது. முதலாவதில் என் சுண்டுவிரல் போகும் இடைவெளி. இரண்டாவதில் மேல்பல் கீழ்ப்பல்லுக்குக் கிட்ட வந்து நின்றது. கண்ணாடியில் ஆரணியின் உதடுகள் சுருக்கில்லாமல் சேர்ந்திருந்தன.

"இவ்வளவும் இவவின்ர வேலை" என்றார் டொக்டர். "பிளேட் எல்லாருக்கும்தான் குடுக்கிறன். இப்பிடிப் போட்ட பிள்ளையள் குறைவு."

பிறகு அளவுகோலை வைத்தார். "மேல்பல்லு இருக்கவேண்டியதை விட இன்னும் ரெண்டு மில்லிமீற்றர் முன்னுக்கு நிக்குது. இனி வளர்த்தியில இருந்து எடுக்க ஒண்டும் இல்லை. வேணுமெண்டால் மேல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பல்லைக் கழட்டி, கம்பி போட்டுப் பின்னுக்கு இழுக்கலாம். செய்யாமலும் விடலாம். கட்டாயம் எண்டு நான் சொல்லமாட்டன்."

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "நான் தைமாசம் உண்மையைச் சொல்லியிருந்தால், டொக்டர், இந்த ரெண்டு மில்லிமீற்றரும் சரி வந்திருக்குமோ?"

ஆறுதல் சொல்வதற்காக அவர் பொய் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். "தெரியாது" என்றார். "வந்தும் இருக்கலாம், வராமலும் இருக்கலாம். ஆனா நீங்கள் சொல்லியிருந்தால் நான் அண்டைக்கே தொடங்கியிருப்பன்."

கழற்றுவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். கம்பி போடுவோம், எவ்வளவு காலம் என்றாலும் பரவாயில்லை. அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு மில்லிமீற்றர் கண்ணில் படக்கூடாது என்பது என்னுடைய ஆசை. என் பொய்யின் தடம் தெரியாமல் இருக்க, பிள்ளையின் நல்ல பற்கள் இரண்டைப் பிடுங்கச் சொல்லப் பார்த்தேன்.

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. ஆரணியைத்தான் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ மகள்."

ஆரணி அச்சுகள் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள். பழையதை விட்டுப் புதியதைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவும் காணும் டொக்டர். நல்ல பல்லை ஏன் பிடுங்கோணும்?"

அவள் இப்போது நன்றாகச் சிரிக்கிறாள். வாய் நிறையச் சிரிக்கிறாள். பார்க்கிற எல்லாரும் பல்வரிசை அழகென்றுதான் சொல்கிறார்கள், அது உண்மைதான். மேல்பல் ஒரு சொட்டு முன்னுக்கு நிற்பது வேறு ஒருவருக்கும் தெரியாது. எனக்கு ஒவ்வொரு தரமும் தெரியும்.